வரிசை நீளமா இருக்கறது யார் தப்பு?

போன இதழ்ல ஒருத்தர் "வேலை கிடைக்கலன்னா அது நம்ம தப்பா, நாட்டோட தப்பா"ன்னு கேட்டிருந்தார். நானும் "பாதி நம்ம கையில, பாதி நம்ம கையில இல்ல"ன்னு நாலே வரில பதில் சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பாத்தா நாலு வரில தப்பிச்சது எவ்ளோ பெரிய தப்புன்னு புரியுது. திட்டுனவங்க, அழுதவங்க, ரெண்டையும் ஒரே கடிதத்துல பண்ணவங்க எல்லாம் இருக்காங்க. அதனால இந்த தடவை முழுக்க இதேதான். யாரோட பேரும் ஊரும் போடல, பாதிப்பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, மீதிப்பேருக்கும் அதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுச்சு.

கேள்வி: மேடம், நான் சொந்தமா ஒரு சின்ன ஒர்க்ஷாப் நடத்தறேன். பத்தொம்பது வயசுல ஸ்பேனர் பிடிக்கக் கூட தெரியாம வேலைக்குச் சேந்து, ராத்திரி பகல் பாக்காம உழைச்சு, இன்னைக்கு ஏழு பேருக்கு சம்பளம் கொடுக்கறேன். இன்னும் ரெண்டு ஆள் வேணும்னு மூணு மாசமா தேடறேன், வர்றவன் நாலு நாள் நிக்க மாட்டேங்கறான். இதுல எங்க இருக்கு வேலையில்லாத் திண்டாட்டம்? வேலை இருக்கு, செய்யத்தான் ஆள் இல்ல. நீங்க சிஸ்டம் சிஸ்டம்னு எழுதி சோம்பேறிங்களுக்கு சாக்கு எடுத்துக் கொடுக்கறீங்க.

பதில்: உங்க உழைப்பைக் குறைச்சுப் பேச எனக்கு வாய் வராது சார். ஏழு வீடு உங்களை நம்பி ஓடுது, அது சும்மா வந்ததில்ல.

ஆனா ஒரு கணக்கு மட்டும் பாருங்க. அமெரிக்காவுல 2020 பிப்ரவரில வேலை தேடி கிடைக்காதவங்க நூத்துக்கு மூணரை பேர்தான். அதே வருஷம் ஏப்ரல்ல கிட்டத்தட்ட 15 பேர். நடுவுல ரெண்டே மாசம், கொரோனா வந்து எல்லாத்தையும் இழுத்து மூடிட்டாங்க. அப்புறம் 2021 முடியறதுக்குள்ள அந்த எண்ணிக்கை மறுபடி 4-க்கு கீழ வந்துடுச்சு. சோம்பேறித்தனம்தான் காரணம்னா ஒரே வசந்த காலத்துல ரெண்டு கோடிப் பேருக்கு சோம்பல் தொத்திக்கிட்டு அடுத்த வருஷமே எல்லாருக்கும் ஒண்ணா தெளிஞ்சிடுச்சுன்னு ஆகும், அப்படி ஒரு வியாதி இருக்கறதா நான் கேள்விப்பட்டதில்ல. அதே நாட்டுல 1929-ல நூத்துக்கு 3 பேரா இருந்தது 1933-ல 25 பேரா போச்சு. நாலு பேர்ல ஒருத்தர். அந்த நாலு வருஷத்துல மனுஷங்க மாறல, பேங்க்குங்க கவுந்துச்சு, வாங்க ஆள் இல்லாம ஃபேக்டரி மூடுச்சு, ஃபேக்டரி மூடினதால வாங்க இன்னும் ஆள் இல்லாம போச்சு.

நீங்க ரெண்டு கேள்வியை ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறீங்கன்னு நினைக்கறேன் சார், நீங்க மட்டும் இல்ல, எல்லாருமே. வரிசைல யார் முன்னாடி நிக்கறாங்கங்கறது ஒரு கேள்வி. அதுக்கு முயற்சி, திறமை, விடிகாலைல எழுந்திரிக்கறது, எல்லாம் பதிலா வரும், உங்க கதை அந்தக் கேள்விக்கு நல்ல பதில். ஆனா வரிசை எவ்ளோ நீளம்ங்கறது வேற கேள்வி. அதை வட்டி விகிதம், சந்தைல இருக்கற கிராக்கி, எந்தத் தொழில் வளருது எது சாகுதுங்கறது, இதெல்லாம்தான் முடிவு பண்ணும். ஒருத்தர் முட்டி மோதி முன்னாடி போனா இன்னொருத்தர் ஒரு இடம் பின்னாடி போவார், வரிசை ஒரு அடி கூட சுருங்காது. பிரிட்டன்ல பெவரிட்ஜ்னு ஒருத்தர் 1909-லயே வேலையின்மை பத்தி ஒரு புக் போட்டார், தலைப்புலயே இது தொழில்துறையோட பிரச்சனைன்னு சொல்லிட்டார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னும் ஆளோட குணத்தையே நோண்டிக்கிட்டு இருக்கோம்.

சரி, உங்களுக்கு ஆள் கிடைக்கலங்கறது நிஜம்தானே, அதை நான் பொய்னு சொல்லல. ஒரு பக்கம் வேலை காலியா இருக்கும், இன்னொரு பக்கம் ஆள் சும்மா இருப்பாங்க, ரெண்டும் ஒரே நேரத்துல எப்படின்னு ஆராய்ச்சி பண்ணதுக்கே 2010-ல மூணு பேருக்கு பொருளாதார நோபல் கொடுத்தாங்க (டயமண்ட், மார்ட்டென்சன், பிஸாரிடிஸ்). ஆளும் வேலையும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கவே காலமும் காசும் ஆகும், தூரம் ஒத்து வராது, தெரிஞ்ச வேலை ஒண்ணு கேக்கற வேலை ஒண்ணா இருக்கும், கொடுக்கற சம்பளம் வந்து போற செலவுக்கே பத்தாது. போன நாலு பேர்ல ஒருத்தனையாவது கூப்பிட்டு ஏன்டா போனேன்னு கோவப்படாம கேட்டுப் பாருங்களேன், சோம்பேறித்தனத்தைத் தவிர வேற ஏதாவது பதில் வந்தா எனக்கு எழுதுங்க.

இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. பத்தொம்பது வயசுல உங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ ஒரு ஓனர் உங்களை சேத்துக்கிட்டார். இப்ப நீங்க போடற விளம்பரத்துல ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேக்கறீங்களா இல்லையா?

கேள்வி: அக்கா, படிச்சு முடிச்சு ஒரு இடத்துல ரெண்டு வருஷம் வேலை பாத்தேன், அந்த கம்பெனில ஆள்குறைப்பு பண்ணாங்க, என்னையும் சேத்து ஒரு டீமையே அனுப்பிட்டாங்க. பதினாலு மாசம் ஆச்சு. இருநூத்துக்கு மேல அப்ளை பண்ணிட்டேன். அப்பா "நீ ஒழுங்கா முயற்சி பண்ணல"ன்னு தினமும் சொல்றார். முதல்ல கோவம் வந்துச்சு, இப்ப அவர் சொல்றது சரியோன்னு தோணுது, ஏன்னா உண்மையிலயே இப்பல்லாம் நான் ஒழுங்கா முயற்சி பண்றதில்ல. மத்தியானம் வரைக்கும் படுத்திருக்கேன். என் தப்பா இது?

பதில்: தம்பி, உன் கடிதத்துல கடைசி ரெண்டு வரிதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு, அதை எழுதறதுக்கு தைரியம் வேணும்.

ஆஸ்திரியாவுல மாரியன்தால்னு ஒரு கிராமம். ஒரே ஒரு நூல் ஆலைதான் அந்த ஊருக்கே சோறு போட்டுச்சு. 1930 வாக்குல அதை மூடிட்டாங்க, கிட்டத்தட்ட ஊரே வேலையில்லாம போச்சு. மரி யஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல்னு மூணு ஆராய்ச்சியாளர்களும் அவங்க குழுவும் அங்க போய்ப் பாத்து 1933-ல எழுதினாங்க. எல்லாரும் என்ன நினைச்சாங்கன்னா, வேலை இல்லாதவன் கொதிச்சு எழுவான், இல்லன்னா கிடைச்ச நேரத்துல படிப்பான்னு. நடந்தது நேர் எதிர். லைப்ரரில புக் எடுக்கறது ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட பாதியா விழுந்துச்சு, அதுவும் கட்டணத்தை எடுத்ததுக்கு அப்புறம். ஆம்பளைங்க தெருவுல நடக்கற வேகத்தையே அளந்தாங்க, மெதுவா நடந்தாங்க, வழில நின்னு நின்னு போனாங்க. பொம்பளைங்க மட்டும் வேகமா நடந்தாங்க, ஏன்னா வீட்டு வேலைக்கு லீவு கிடையாதே (இது தனியா ஒரு கேள்வி-பதில் போடற விஷயம்). நேத்து என்ன பண்ணீங்கன்னு கேட்டா மணிக்கணக்கா ஒண்ணும் ஞாபகம் இல்ல. சோம்பேறிங்க வேலை இழந்த ஊர் இல்ல அது. வேலை இழந்ததால மனுஷங்க அப்படி ஆன ஊர்.

அதனால அப்பா பாக்கறது நிஜம். நீ மத்தியானம் வரை படுத்திருக்கறது நிஜம். ஆனா எது முன்னாடி வந்துச்சு எது பின்னாடி வந்துச்சுங்கறதுல அவர் மாத்திப் புரிஞ்சுக்கறார். பதினாலு மாசத்துக்கு முன்னாடி நீ படுத்திருந்ததால உன் டீமையே அனுப்பல.

இன்னொரு விஷயமும் உன் தப்பு இல்ல. 2013-ல வந்த ஒரு ஆராய்ச்சில பன்னெண்டாயிரம் பொய் ரெஸ்யூமை அமெரிக்காவுல பல ஊர்ல இருக்கற மூவாயிரம் வேலைக்கு அனுப்பிப் பாத்தாங்க. ஒரே மாதிரி படிப்பு, ஒரே மாதிரி அனுபவம், எத்தனை மாசமா வேலை இல்லங்கறது மட்டும் வேற வேற. முதல் எட்டு மாசத்துக்கு, மாசம் ஏற ஏற கூப்பிடறது குறைஞ்சுக்கிட்டே போச்சு. ஆளே ஒண்ணுதான், வேலை இல்லாத இடைவெளி மட்டும்தான் குற்றம். இதுல எனக்கு ரொம்ப சுவாரசியமாப் பட்டது இதுதான்: எந்த ஊர்ல வேலையே அரிதா இருந்துச்சோ அங்க கம்பெனிக்காரங்க அந்த இடைவெளியை அவ்ளோ பெருசா எடுத்துக்கல. அதாவது வரிசை நீளம்னு அவங்களுக்கே தெரிஞ்சா ஆளைக் குத்தம் சொல்றதில்ல. உங்க அப்பாவை விட ஹெச்ஆர் கொஞ்சம் நியாயமா இருக்காங்கன்னு சொல்ல வேண்டிய நிலைமை, என்ன பண்றது.

இப்ப உன் கையில இருக்கறதுக்கு வருவோம், ஏன்னா அதைச் சொல்லாம விட்டா நான் ஆறுதல் மட்டும் சொல்லிட்டுப் போன ஆளா ஆயிடுவேன். இருநூறு அப்ளிகேஷன் போதும், இருநூத்தி ஒண்ணாவது போடறதுக்குப் பதிலா ஆளைத் தேடு. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1970-கள்ல, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்களைப் பிடிச்சு அந்தத் தெரிஞ்சவரை எவ்ளோ அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டார். அடிக்கடி பாக்கற ஆள் மூலமா கிடைச்சது நூத்துக்கு 17 பேருக்குக் கூட இல்ல. மீதிப்பேருக்கெல்லாம் எப்பவாவது பாக்கற ஆள், இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் குறைவாவோ பாக்கற ஆள் மூலமாத்தான் கிடைச்சிருக்கு. காரணம் சிம்பிள், நெருங்கின ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சது உனக்கும் ஏற்கனவே தெரியும், தூரத்து ஆளுக்குத்தான் உனக்குத் தெரியாதது தெரியும். லிங்க்ட்இன்ல ரெண்டு கோடிப் பேர் மேல பண்ணி 2022-ல வெளியான பரிசோதனையும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுச்சு, ரொம்ப நெருக்கமும் இல்லாம முழுசா அந்நியமும் இல்லாத பழக்கம்தான் அதிகமா உதவுது. உன்னோட அனுப்பப்பட்ட அந்த டீம்ல எத்தனை பேர் இப்ப எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா? வெக்கமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, படிச்சு முடிச்சு ஒம்பது மாசம் சும்மா இருந்தப்ப தெரிஞ்சவங்க எதிர்ல வந்தா ரோட்டைக் கிராஸ் பண்ணிப் போயிடுவேன். அப்படிப் போகாம நின்ன ஒரு நாள்தான் எனக்கு முதல் வேலை பத்தி காதுல விழுந்துச்சு.

எழுந்திரிக்கற நேரத்தை மட்டும் பிடி. வேலை கிடைக்கறதுக்காக இல்ல, நாள் கரையாம இருக்கறதுக்காக. ரெண்டு வாரம் பாத்தும் எழுந்திரிக்கவே முடியல, எதுலயும் மனசே ஒட்டலன்னா அது டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது, அப்பாகிட்ட வாதாட வேண்டியது இல்ல.

கேள்வி: ஏழைங்களுக்கு கையில காசா கொடுத்தா குடிச்சு அழிச்சிடுவாங்க, இல்லன்னா வேலைக்கே போக மாட்டாங்க. இதை ஒத்துக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?

பதில்: கஷ்டம் என்னன்னா அது நடக்கல. உலக வங்கி ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் வேற வேற நாட்டுல நடந்த 19 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தாங்க, காசு கையில வந்ததால குடிக்கும் சிகரெட்டுக்கும் செலவு கூடல, சில இடத்துல குறைஞ்சே போச்சு. வேலைக்குப் போறாங்களான்னு ஆறு வளரும் நாடுகள்ல ஏழு பரிசோதனையைச் சேத்துப் பாத்தாங்க, குறையல. ஃபின்லாந்து 2017, 2018 ரெண்டு வருஷம் வேலையில்லாத 2,000 பேருக்கு மாசம் 560 யூரோ, வேலை கிடைச்சாலும் நிறுத்த மாட்டோம்னு சொல்லிக் கொடுத்துச்சு, அவங்க மத்தவங்களை விட சில நாள் அதிகமாவே வேலை பாத்தாங்க, பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா படுத்துடல. குடிச்சு அழிக்கற ஆள் ஒருத்தரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கும் தெரியும். அவர்கிட்ட காசு இருந்த காலத்துலயும் குடிச்சார்.

கேள்வி: என் தம்பிக்கு முப்பத்தி ரெண்டு வயசு. எந்த வேலையும் ஆறு மாசம் தாண்டாது, மேனேஜர் சரியில்ல, சம்பளம் சரியில்ல, இந்த சமூகமே சரியில்லன்னு விட்டுட்டு வந்துடுவான். நல்லா படிப்பான், பேச ஆரம்பிச்சா முதலாளித்துவம் அது இதுன்னு பேசுவான், நீங்க எழுதினதைக் கூட கட் பண்ணி எனக்கு அனுப்பினான். வாடகை, போன் பில் எல்லாம் நான்தான் கட்டறேன். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. சிஸ்டத்தைத் திட்டிக்கிட்டே எத்தனை நாள் ஓட்டறது?

பதில்: ஐயோ, என் கட்டுரையா அது. உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன் மா.

நான் வரிசை நீளம்னு சொன்னேனே தவிர, வரிசைல நிக்க வேணாம்னு சொல்லவே இல்ல. சிஸ்டம் சரியில்லங்கறது ஒரு விஷயம் ஏன் நடந்துச்சுன்னு புரிஞ்சுக்க உதவும், அக்கா பர்ஸ்ல இருந்து வாடகை கட்டறதுக்கு அது ரசீது ஆகாது. அவன் சொல்றதுல பாதி உண்மையாவே இருக்கலாம், மோசமான மேனேஜர் உலகத்துல நிறைய. ஆனா ஏழு எட்டு வேலைலயும் மேனேஜரே தப்புன்னா, மாறாம கூடவே வர்றது எதுன்னு அவன் யோசிக்கணும். சமூகத்தை மாத்தணும்னு நிஜமா நினைக்கறவங்க என்ன பண்ணுவாங்க, சங்கத்துல சேருவாங்க, கூட வேலை பாக்கறவனுக்காகப் பேசுவாங்க, கூட்டத்துக்குப் போவாங்க, அதுக்கும் காலைல எழுந்து கிளம்பணும். உங்க தம்பி அதுலயாவது எங்கயாவது இருக்கானா? இல்லன்னா அது கொள்கை இல்ல, போர்வை.

திட்ட வேணாம், திட்டினா இன்னும் நாலு புக் படிப்பான். உக்காந்து பேசுங்க, ஒரு தேதி சொல்லுங்க, அதுக்கப்புறம் போன் பில் அவன் பொறுப்பு, அடுத்து வாடகைல ஒரு பங்கு, இப்படி ஒண்ணு ஒண்ணா. சொன்ன தேதில நிறுத்துங்க, அதுதான் கஷ்டம். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்குங்க, தூக்கம், குடி, மனசு, இதுல ஏதாவது பிரச்சனை இருக்கான்னு. இருந்தா முதல்ல வைத்தியம், அப்புறம்தான் தேதி. இல்லன்னா தேதிதான் வைத்தியம்.

கேள்வி: அக்கா, நான் ஒரு பேங்க்ல வேலை பாக்கறேன். தினம் பாக்கறதைத்தான் கேக்கறேன், குத்தமா இல்ல. ரொம்ப கஷ்டப்படறவங்கதான் ரொம்ப தப்பான முடிவு எடுக்கறாங்க. கந்து வட்டிக்கு வாங்கறாங்க, இன்ஷூரன்ஸை பாதில விடறாங்க, வருமானம் தர்ற பொருளை அவசரத்துக்கு வித்துடறாங்க. அறிவு இல்லாததாலதான் ஏழையா இருக்காங்களோன்னு தோணுது, சொல்லவே சங்கடமா இருக்கு.

பதில்: சங்கடப்பட்டுக்கிட்டே கேட்டதுதான் இந்த கட்டுல நல்ல கேள்வி.

கரும்பு விவசாயிகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2013-ல சயன்ஸ் இதழ்ல போட்டாங்க. கரும்புக்காரருக்கு காசு வர்றது அறுவடைக்கு அப்புறம் மொத்தமாத்தான், அதுக்கு முந்தின மாசங்கள்ல அடகு, கடன்னு இழுத்துக்கிட்டு இருப்பார். அதே ஆளுக்கு அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை யோசிக்கற திறனைச் சோதிக்கற டெஸ்ட் கொடுத்தாங்க. முன்னாடி மோசமா பண்ணார், பின்னாடி நல்லா பண்ணார். மூளை அதேதான், நடுவுல வந்தது காசு. எவ்ளோ வித்தியாசம்ங்கறதுல அப்புறம் வாதம் எல்லாம் நடந்துச்சு, அது இருக்கட்டும், ஆனா தலைல பத்து கணக்கு ஓடும்போது பதினொண்ணாவது கணக்கு தப்பாகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

ஆனா எனக்கு இதை விட முக்கியமாப் படறது வேற. தப்பு எல்லாரும்தான் பண்றோம். நீங்க ஒரு பாலிசியைத் தப்பா எடுத்தா கொஞ்சம் நஷ்டம், அடுத்த மாச சம்பளத்துல சரி பண்ணிக்குவீங்க. அதே தப்பை அவர் பண்ணா வண்டி போயிடும், வண்டி போனா வேலை போயிடும், வேலை போனா வாடகை நிக்கும். ஒரே தப்பு, ஆளுக்கு ஒரு விலை. பட்ட காலிலே படும் கெட்ட குடியே கெடும்னு நம்ம ஆளுங்க சும்மா சொல்லல, அது விதி பத்தின பழமொழின்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், எனக்கு என்னமோ அது கணக்குப் பழமொழின்னுதான் தோணுது. கந்து வட்டி தப்புன்னு வாங்கறவருக்கே தெரியும், நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில கட்டணும், உங்க பேங்க்ல கேரண்டி கேக்கறீங்க, வட்டிக்காரன் கொடுக்கறான். அந்த நேரத்துல அவருக்கு முன்னாடி இருந்த நல்ல முடிவு எதுன்னு நீங்க சொல்லுங்க?

பங்களாதேஷ்ல பிராக்னு ஒரு நிறுவனம் பரம ஏழைப் பொம்பளைங்களுக்கு மாடு கொடுத்து கூடவே பழக்கியும் விட்டுச்சு. பல வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் பாத்தாங்க, 2022-ல வெளியாச்சு. கையில ஏற்கனவே ஏதோ கொஞ்சம் இருந்து, மாடும் சேந்ததால ஒரு அளவைத் தாண்டினவங்க மேல மேல போயிட்டாங்க. மாடு வந்தும் அந்த அளவுக்குக் கீழயே நின்னவங்க மறுபடி பழைய இடத்துக்கே சரிஞ்சுட்டாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் குணத்துல, உழைப்புல பெரிய வித்தியாசம் இல்ல. ஒரு மாடு வச்சு வண்டி வாங்க முடியாது, தீவனத்துக்கு இடம் பிடிக்க முடியாது, ஒரு காய்ச்சல் வந்தா வித்துடணும். அதான் நீங்க தினம் பாக்கறது, வருமானம் தர்ற பொருளை அவசரத்துக்கு விக்கறது.

பழைய கதை ஒண்ணு சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. இங்கிலாந்துல யார்க்னு ஒரு ஊர். சாக்லேட் கம்பெனி குடும்பத்துல பொறந்த சீபோம் ரவுன்ட்ரி 1899-ல அந்த ஊர்ல தொழிலாளி வீடு வீடா ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார். வறுமைக் கோடுன்னு ஒண்ணு போட்டார், எவ்ளோ இறுக்கமான கோடு தெரியுமா, அதுல பேப்பர் வாங்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, வெளியூர்ல இருக்கற பிள்ளைக்கு லெட்டர் போட ஸ்டாம்ப் கூட கிடையாது. அந்தக் கோட்டுக்கும் கீழ இருந்தவங்கள்ல பாதிக்கு மேல வேலைல இருக்கற குடும்பம். தினம் வேலைக்குப் போறாங்க, சம்பளம் பத்தல, அவ்ளோதான். அதே ஊரை 1936-ல மறுபடி பாத்தார், முன்ன கண்ணுக்கே படாத அளவுல இருந்த வேலையின்மை இப்ப பெரிய காரணமா வந்து நின்னுச்சு. 1950-ல மூணாவது தடவை பாத்தார், வேலையின்மை காணாமப் போயி முதுமை பெரிய காரணமா இருந்துச்சு. அறிவும் ஒழுக்கமும்தான் காரணம்னா மூணு தடவையும் ஒரே பதில் வந்திருக்கணும் இல்ல? உங்க கவுன்ட்டர் முன்னாடி நிக்கறவரை அடுத்த தடவை பாக்கும்போது அவர் என்ன தப்பு பண்ணார்னு பாக்கறதோட, அந்தத் தப்புக்கு அவருக்கு என்ன பில் வந்துச்சுன்னும் பாருங்க.

கேள்வி: வேலையில்லாதவங்க எண்ணிக்கைன்னு சொல்றாங்களே, என் அண்ணன் தேடறதையே விட்டுட்டான், அவனையும் சேத்துத்தானா?

பதில்: இல்ல. உலக அளவுல பின்பற்றற கணக்குப்படி மூணும் இருக்கணும்: வேலை இருக்கக் கூடாது, சமீபத்துல தேடியிருக்கணும், கிடைச்சா சேரத் தயாரா இருக்கணும். தேடறதை விட்டா அந்தக் கணக்குல இருந்தே காணாமப் போயிடுவார். அதே மாதிரி கணக்கெடுக்கற வாரத்துல கூலிக்கு ஒரே ஒரு மணி நேரம் பாத்திருந்தாலும் வேலையில இருக்கறவர்தான். அதனால எண்ணிக்கை குறைஞ்சுடுச்சுன்னு யாராவது சொன்னா, வேலை கிடைச்சு குறைஞ்சுதா, நம்பிக்கை போய் குறைஞ்சுதான்னு கேளுங்க.

கேள்வி: நான் டீச்சர். கஷ்டப்படற வீட்டுப் பசங்களுக்குத்தான் சொல்லிக் கொடுக்கறேன். "உழைச்சா முன்னேறலாம்"னு சொன்னா பாதி பொய் சொல்ற மாதிரி இருக்கு, "சமூகம் சரியில்ல"ன்னு சொன்னா இருக்கற ஆர்வமும் போயிடுமோன்னு பயமா இருக்கு. எதைச் சொல்ல?

பதில்: எந்த வயசுப் பசங்கன்னு எழுதலையே டீச்சர், அது முக்கியம்.

அமெரிக்காவுல 1990-கள்ல அஞ்சு நகரத்துல ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் போட்டு, சில பேருக்கு மட்டும் நல்ல ஏரியாவுக்குக் குடி போக வாடகை உதவி கொடுத்தாங்க. பெரியவங்க சம்பாத்தியம் பெருசா மாறல. முதல்ல தோல்வின்னே எழுதிட்டாங்க. அப்புறம் ராஜ் செட்டிங்கற பொருளாதார நிபுணரும் அவர் கூட இருந்தவங்களும் அந்தக் குழந்தைங்க வளந்த பிறகு பாத்தாங்க. பதிமூணு வயசுக்கு முன்னாடி இடம் மாறின பசங்க இருபதுகள்ல மத்தவங்களை விட 31 சதவீதம் அதிகமா சம்பாதிச்சாங்க. குலுக்கல்ல பேர் வந்தது அவங்க முயற்சி இல்ல. ஆனா போய்ச் சேந்த இடத்துல படிச்சது, வேலைக்குப் போனது எல்லாம் அவங்க முயற்சிதான், அதை யாரும் குலுக்கல்ல கொடுக்கல. பிராங்கோ மிலானோவிச்னு ஒரு பொருளாதார நிபுணர் போட்ட கணக்குப்படி உலகத்துல ஆளுக்கு ஆள் வருமானம் மாறறதுல பாதிக்கு மேல எந்த நாட்டுல இருக்கோம்ங்கறதை வச்சே சொல்லிடலாம். நாட்டை யாரும் தேர்ந்தெடுத்துப் பொறக்கறதில்ல.

சின்னப் பசங்கன்னா உழைப்பைப் பத்தி மட்டும் பேசுங்க, ஆனா "உழைச்சா ஜெயிப்ப"ன்னு சொல்லாதீங்க, "உழைச்சா இந்தக் கணக்கு உனக்கு வரும்"னு சொல்லுங்க. அது பொய் இல்ல, அன்னைக்கே நிரூபிச்சும் காட்டலாம். பதினஞ்சு பதினாறு வயசு தாண்டினதுங்களுக்கு ரெண்டையும் சொல்லலாம், நீங்க நினைக்கற அளவுக்கு அதுங்க உடைஞ்சு போகாது, அப்பா அம்மா படற பாட்டை வீட்லயே பாத்துக்கிட்டு இருக்கற பசங்க. சொல்லப்போனா அப்பா நாள் பூரா உழைச்சும் வீடு ஏன் இப்படி இருக்குன்னு அந்தப் பையனுக்கு ஒரு கேள்வி மனசுல ஓடிக்கிட்டேதான் இருக்கும். உழைச்சாப் போதும்னு மட்டும் நீங்க சொன்னா அவன் போடற கணக்கு என்னவா வரும்? அப்பா உழைக்கலன்னு வரும். அந்தப் பொய்யை மட்டும் பண்ணிடாதீங்க. உதவித்தொகைக்கு எங்க அப்ளை பண்ணணும், கடைசித் தேதி எப்போன்னும் சேத்துச் சொல்லுங்க, வசதியான வீட்டுப் பசங்களுக்கு இதைச் சொல்ல மாமா சித்தப்பா இருப்பாங்க, இவங்களுக்கு நீங்க மட்டும்தான்.

கேள்வி: இன்டர்வியூல "இந்த ஒண்ணரை வருஷம் என்ன பண்ணீங்க"ன்னு கேட்டா வாய் அடைச்சுப் போகுது. என்ன சொல்றது?

பதில்: ஏன் வேலை போச்சுங்கறதுக்கு ஒரு வரி, பழைய கம்பெனியைத் திட்டாம. இந்த மாசங்கள்ல கத்துக்கிட்டது, பாத்த சின்னச் சின்ன வேலை, வீட்ல யாரையாவது பாத்துக்கிட்டு இருந்தா அது, எது உண்மையோ அதுல ஒரு வரி. அதோட நிறுத்திட்டு அந்த வேலையைப் பத்தி நீங்க ஒரு கேள்வி கேட்டுடுங்க. நிறைய பேர் மாட்டிக்கறது மூணாவது வரிலதான், அங்கதான் மன்னிப்பு கேக்கற மாதிரி குரல் இறங்கும். கண்ணாடி முன்னாடி வேணாம், யாராவது ஒரு ஆளை எதிர்ல உக்கார வச்சு பத்து தடவை சொல்லிப் பாருங்க.